சிலேட்டு வான்கோழி அழைப்பான்: பொதுக் காட்டுக்கு வாங்கலாமா?

உள்ளங்கையில் அடங்கும் வட்டக் கிண்ணம், மேலே சிலேட்டுத் தகடு, அடியில் சத்தம் வெளியேறத் துளைகள், உரச ஒரு மரக்குச்சி. அமெரிக்கக் கடைகளில் 'பாட் கால்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பள்ளிச் சிலேட்டில் பலப்பம் கீச்சிடுமே, அதே சங்கதிதான் இங்கே பெட்டை வான்கோழியின் குரலாகிறது; அதை நம்பி வரும் காட்டுச் சேவலை வேட்டையாடத்தான் இந்தக் கருவி.

மிசோரியின் மார்க் ட்வைன் தேசியக் காடு போன்ற பொது நிலத்துக்கு இதற்குத்தான் என் ஓட்டு. அங்கே ஆள் நடமாட்டம் அதிகம். மரப்பெட்டியின் மேல் மூடியை உரசி ஒலிக்கும் பெட்டி வகை அழைப்பானின் உரத்த குரலைக் கேட்டுக் கேட்டுச் சேவல்கள் உஷாராகிவிடும். சிலேட்டின் பலம் சன்னமான சத்தம். குச்சியை எடையே வைக்காமல் மெல்ல இழுத்தால், மேய்ந்தபடி பெட்டை முனகுவது போல வரும். அழுத்தி வெடுக்கென்று அரை சென்டிமீட்டர் இழுத்தால் 'க்ளக்' என்ற பெட்டையின் ஒற்றை ஒலி. சிறு நீள்வட்டம் போட்டால் 'யெல்ப்' என்ற அதன் கூப்பிடு குரல். விளிம்போரம் கீச்சுக்குரல், நடுவை நெருங்க நெருங்கக் கனத்த குரல். குச்சியின் முனை தகட்டை விட்டு எழும்பக் கூடாது. கிண்ணத்தை விரல் நுனிகளில் ஏந்துங்கள். உள்ளங்கையில் பொத்தினால் துளை அடைபட்டுச் சத்தம் செத்துவிடும்.

"வழுக்குது, சத்தமே வரலை" என்று புதிதாக வாங்கியவர்கள் புலம்புவதற்கு பெரும்பாலும் விரல் எண்ணெய்தான் காரணம். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தகட்டை ஒரே திசையில் தேய்த்து, அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே உரசிப் பாருங்கள். குச்சி முனை பளபளத்தால் அதையும் மணல்தாளில் சொரசொரப்பாக்க வேண்டும்.

மழைதான் இதற்கு எமன். நனைந்த சிலேட்டு ஊமை. கண்ணாடித் தகடும் கார்பன் குச்சியும் ஈரம் தாங்கும். கண்ணாடிக்கு நார் பற்றாது, 80 அல்லது 100 எண் மணல்தாள் வேண்டும்.

இரண்டு கையும் வேண்டும் என்பது அடுத்த குறை. சேவல் 40 கஜத்துக்குள் வந்தபின் கை அசைந்தால் கதை முடிந்தது. அந்த நேரத்துக்கு வாய்க்குள் வைக்கும் சவ்வு வகை ஒன்று கூடவே இருக்கட்டும்.

நன்றாக வாசித்தால் இன்னொரு வேட்டைக்காரரும் நிஜப் பறவை என்று நம்பித் தேடி வருவார். தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். சேவல் தலையில் இருக்கும் சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடையில் தெரியக் கூடாது. யாராவது நெருங்கினால் கையாட்டாதீர்கள், குச்சியையும் தொடாதீர்கள், வாய்விட்டுக் கூப்பிடுங்கள்.