இறுகிய சாக்கடை மூடி: கடப்பாரையா, எண்ணெயும் கொக்கியுமா?

பேவர் பிளாக் பதித்த வாசலில் இறுகிப்போன வார்ப்பிரும்பு மூடியைத் திறக்கப் பலரும் முதலில் எடுப்பது கடப்பாரையைத்தான். வேலை விரைவில் முடியும் என்பது உண்மையே. ஆனால் நெம்பும் பாரம் முழுவதும் பக்கத்துக் கல்லின் விளிம்பில் இறங்குவதால், கல் உடைவதோடு அடியிலுள்ள மணலும் கலைந்து, அடுத்த மழைக்கு அந்த இடம் பள்ளமாகிவிடுகிறது. ஓங்கி அடித்தால் மூடியே விரிசல் விடும்.

மற்ற வழி பொறுமையைக் கேட்கிறது. மூடிக்கும் சட்டத்துக்கும் இடையே கறுத்துக் கெட்டித்த மண்ணைப் பழைய திருப்புளியால் சுரண்டி, துரு தளர்த்தும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவைத்து, காலையில் மரக்கட்டையை வைத்து விளிம்பைச் சுற்றிச் சுத்தியலால் மெல்லத் தட்டியபின், துளைகளில் கொக்கி மாட்டி இருவர் நேராகத் தூக்க வேண்டும். நான் இதையே பரிந்துரைக்கிறேன். உள்ளே நச்சுவாயு இருக்கலாம், எக்காரணத்தாலும் இறங்காதீர்கள். மூடுமுன் சட்டத்தில் கிரீஸ் தடவுங்கள்.