இடுக்கி அணை: ஜீப் ஓட்டுநரே வழிகாட்டி

செறுதோணியில் ஜீப் அமர்த்தினோம். குறவன், குறத்தி மலைகளுக்கு நடுவே பெரியாற்றை மறிக்கும் வளைவு அணை; உயரம் ஏறத்தாழ 169 மீட்டர். அதற்கு மதகே கிடையாது, மிகைநீர் பக்கத்திலுள்ள செறுதோணி அணை வழியாகத்தான் இறங்கும் என்பதைச் சாலையோரக் கற்களை அடுக்கியே ஓட்டுநர் விளக்கினார், பிரமாதம்! கொலும்பன் என்ற பழங்குடித் தலைவர் அணை கட்ட இந்த இடத்தை அடையாளம் காட்டிய கதையையும் விடவில்லை. 1976இல் தொடங்கிய 780 மெகாவாட் மின்நிலையம் மூலமற்றத்தில், பூமிக்கடியில். அங்கே சுழலியை (டர்பைன்) சுழற்றிய பெரியாற்று நீர் பிறகு தொடுபுழை ஆற்றில் கலக்கிறதாம். எனக்கு இது புதுச் செய்தி. ஆனால் பேசிய வாடகைக்கு மேல் காத்திருப்புக் கூலி கேட்டது அடாவடி. முன்கூட்டியே கறாராகப் பேசிவிடுங்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.