ஃபாக்ஸ்என்1 ஆன்டிபாடி: தைமஸிலும் மயிர்க்காலிலும் சோதித்த பிறகு ஒரு மதிப்பீடு

நோயெதிர்ப்புக்கான டி செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பிக்கும் மயிர்க்காலுக்கும் வெளிப்பார்வைக்கு எந்த உறவும் இல்லை என்றாலும், இரண்டிலும் எபிதீலியச் செல்கள் முதிர்வதற்கு ஃபாக்ஸ்என்1 என்ற ஒரே படியெடுப்புக் காரணி (பிற மரபணுக்களை இயக்கும் புரதம்) தேவைப்படுகிறது. 1966-இல் ஃபிளனகன் விவரித்த முடியற்ற 'நியூட்' சுண்டெலிக்குத் தைமஸும் இல்லை என்பது 1968-இல் தெரியவந்தது; இரு குறைகளுக்கும் காரணமான மரபணு 1994-இல் அடையாளம் காணப்பட்டது. அம்மரபணு தரும் புரதத்தைத் திசுச் சீவல்களில் காண்பதற்கென விற்கப்படும் ஆன்டிபாடி ஒன்றை (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டி, அது இருக்கும் இடத்தை நிறமாகக் காட்ட உதவும் பொருள்; இது முயலில் உருவாக்கப்பட்ட பாலிகுளோனல், அதாவது பல ஆன்டிபாடிகளின் கலவை, வகை) எங்கள் ஆய்வகத்தில் ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறோம்.

இதை வாங்கியதற்கு முதற்காரணம், இது புரதத்தின் சி-முனைப் பகுதிக்கு, அதாவது புரதச் சங்கிலியின் கடைசிப் பகுதிக்கு, எதிராகத் தயாரிக்கப்பட்டது என்பதே. நியூட் சுண்டெலியில் மரபணுவின் மூன்றாவது எக்ஸானில் (ஆர்என்ஏவில் இடம்பெறும் துண்டில்) ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து விடுபட்டு, அதன்பின் வரும் எழுத்துகளை மூன்று மூன்றாகப் படிக்கும் வாசிப்புச் சட்டகம் நகர்ந்துவிடுவதால், சி-முனை உருவாவதே இல்லை. ஆகவே நியூட் திசுவில் நிறம் தெரிந்தால் அது பொய் நிறம் என்று தயங்காமல் சொல்லலாம். இத்தகைய சோதனை வாய்ப்பு எல்லா ஆன்டிபாடிகளுக்கும் அமைவதில்லை.

பன்னிரண்டரை நாள் சுண்டெலிக் கருவின் சீவலில் கிடைத்த படம் உண்மையிலேயே மகிழ்ச்சி தந்தது. மூன்றாம் தொண்டைப் பையிலிருந்து தைமஸும் பாராதைராய்டும் இன்னும் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கட்டத்தில், தைமஸாகப் போகும் பாதியின் உட்கருக்கள் மட்டும் நிறமேறி, பாராதைராய்டு பக்கம் வெறுமையாக நின்றது. பன்னிரண்டு நாள் குட்டியின் முதுகுத் தோலிலோ, மயிர்க்காலின் அடியில் செல்கள் பெருகும் மேட்ரிக்ஸிலிருந்து மேலேறி முடித்தண்டாக மாறத் தொடங்கும் செல்களில் நிறம் அடர்த்தியாக இருந்தது. நடுவிலுள்ள, எபிதீலியம் அல்லாத டெர்மல் பாப்பிலாவில் துளியும் இல்லை. நியூட் சுண்டெலிக்கு மயிர்க்கால்கள் இருந்தும் முடி ஏன் சுருண்டு ஒடிகிறது என்பதை இந்த இடஅமைப்பு விளக்குகிறது: முடிக் கெரட்டின்களும், செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் டெஸ்மோக்ளீன் 4-உம் இந்தக் காரணியின் கட்டுப்பாட்டில் உள்ளவை. தைமஸில் அதே காரணி டிஎல்எல்4, சிசிஎல்25 போன்ற, டி செல் முன்னோடிகளை ஈர்த்து வளர்க்கும் மரபணுக்களை இயக்குகிறது. முதிர்ந்த தோலைச் சோதிப்பவர்கள் முடிச்சுழற்சியைக் கவனிக்க வேண்டும். ஓய்வு நிலையிலுள்ள மயிர்க்காலில் மேட்ரிக்ஸே இராது என்பதால், அங்கே நிறம் இல்லாததை ஆன்டிபாடியின் பிழையாகக் கொள்ளக் கூடாது.

குறைகளும் உண்டு. ஆன்டிபாடி புரதத்தை எட்டும்படி சீவலை, நிறுவனத்தின் தகவல் தாளில் சொல்லப்பட்ட அமிலத்தன்மையுள்ள சிட்ரேட் கரைசலில் சூடாக்கியபோது நிறம் மங்கலாகவே வந்தது. பிஎச் 9 கரைசலுக்கு மாறிய பிறகே தெளிந்தது. இரண்டாவதாக வாங்கிய தயாரிப்புத் தொகுதியால் ஏற்பட்ட சிக்கல் இன்னும் பெரியது. அது முடித்தண்டையும் தோலின் கெட்டியான மேலடுக்கையும் நிறமாக்கியது, நியூட் தோலிலும் அப்படியே செய்தது. படங்களை அனுப்பியதும் நிறுவனம் மாற்றுத் தொகுதி தந்தது என்றாலும், அதற்குள் இரண்டு மாத வேலை வீணாயிற்று. தகவல் தாளில் புரதத்தை மிகையாக உருவாக்கும், ஆய்வகத்தில் வளர்த்த செல் வரிசையின் படம் மட்டுமே இருக்கிறது. திசுவில் சோதிக்காமல் திசுவுக்கு ஏற்றது என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை.

வயதான தைமஸை ஆராய்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வயது ஏற ஏற இக்காரணியின் அளவு குறைந்துவிடுவதால், குறைவாக இருப்பதையும் அறவே இல்லாததையும் இந்த ஆன்டிபாடியால் பிரித்துக் காட்ட இயலவில்லை. மரபணுவின் கட்டுப்பாட்டையே ஆராய்பவர்களுக்கும் இதன் பயன் ஓரளவுதான். இம்மரபணுவுக்கு 1ஏ, 1பி என இரண்டு மாற்று முதல் எக்ஸான்கள் உள்ளன. 1பி தோலுக்கு உரியது. எந்த எக்ஸானில் தொடங்கினாலும் உருவாகும் புரதம் ஒன்றே என்பதால், அந்த வேறுபாட்டை ஆர்என்ஏ அளவில்தான் தேட வேண்டும்.

கருநிலைத் தைமஸுக்கும் வளரும் மயிர்க்காலுக்கும் இது நம்பத்தக்க பொருள். முதலில் சிறிய குப்பி ஒன்றை வாங்கி, நியூட் தோலையும் இயல்பான தோலையும் ஒரே கண்ணாடித் தகட்டில் வைத்துச் சோதியுங்கள். சரியாக வந்தால், அதே தொகுதி எண்ணில் ஆய்வு முடியும்வரை தேவைப்படும் அளவை உடனே ஒதுக்கித் தரும்படி எழுதிக் கேளுங்கள்.