மீன் நல்லா இருக்கு, ஆனா எவ்ளோ பெருசா வளரும்னு மட்டும் சொல்ல மாட்டேங்குறாங்க

மூணு ஸ்டார் தான் குடுக்குறேன். மிச்சம் ரெண்டு ஏன் குடுக்கலன்னு கொஞ்சம் விளக்கமாவே எழுதுறேன், ஏன்னா கலர் மீன் விக்கிற பெட் ஷாப் முக்காவாசியிலயும் இதே கதைதான், அதனால கடை பேரு போடல.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். டேங்க் எல்லாம் சுத்தமா இருக்கு, செத்த மீன் மிதந்து நான் பாத்ததே இல்ல, வெள்ளைப் புள்ளி நோய் வந்த மீனை தனி டேங்க்ல போட்டு விக்காம வெச்சிருக்காங்க. கப்பி, பிளாட்டி, நியான் டெட்ரா எல்லாம் துறுதுறுன்னு இருக்கும். கவர்ல தண்ணி கொஞ்சமா, காத்து நெறையா விட்டு கட்டித் தர்றாங்க, வீடு போய்ச் சேர்ற வரைக்கும் மீன் திணறாது. ஃபில்டர் பத்தி கேட்டா பொறுமையா சொல்லுவாங்க.

குறை எங்கன்னா டேங்க் மேல ஒட்டியிருக்கிற லேபிள்ல. மீன் பேரு, விலை, அவ்ளோதான். இது வளர்ந்தா எத்தனை இன்ச் வரும், எவ்ளோ பெரிய டேங்க் வேணும்னு ஒரு வரி கிடையாது. விக்கிறது எல்லாமே குட்டி மீன்ங்கிறதால வாங்குறவங்களுக்கு அது தெரிய வழியே இல்ல.

போன வாட்டி நான் நிக்கும்போது ஒரு அம்மாவும் சின்னப் பையனும் வந்தாங்க, வீட்ல ரெண்டு அடி டேங்க் இருக்காம், கண்ணாடில பாசி பிடிக்குதுன்னு சொன்னாங்க. உடனே கடைப் பையன் சக்கர் மீன் போடுங்கக்கா, எல்லாத்தையும் அதுவே சுத்தம் பண்ணிடும்னு வலைய விட்டான். ரெண்டு இன்ச் தான் இருக்கும், கண்ணாடில வாய ஒட்டிக்கிட்டு அசையாம இருந்துச்சு, பிடிச்சு தூக்குனா துடுப்பு முள்ளு வலைல சிக்கிக்கிச்சு, அவன் மெதுவா ஒவ்வொரு இழையா விடுவிச்சு எடுத்தான். அவ்ளோ பக்குவமா பிடிக்கத் தெரிஞ்ச பையனுக்கு அந்த மீன் ஒண்ணேகால், ஒண்ணரை அடி வரைக்கும் வளரும்னு தெரியாம இருக்குமா? அந்தம்மா கேக்கவும் செஞ்சாங்க, தம்பி இது பெருசாகுமான்னு. டேங்குக்கு ஏத்த மாதிரிதான்க்கா வளரும்னான்.

இந்த ஒரு பதில்தான் எனக்கு பத்திக்கிட்டு வருது. மீன் டேங்க அளந்து பாத்துட்டு இது போதும்னு நிறுத்திக்கிறது கிடையாது. சின்ன டேங்க்ல கழிவு சேரும், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு ஏறும், அந்தத் தண்ணிலயே கெடந்து வளர்ச்சி தடைபடும், முதுகெலும்பு வளையும், ஒடம்பு சின்னதாவும் கண்ணு மட்டும் பெருசாவும் தெரியும், அப்புறம் வாழ வேண்டிய வருஷத்துக்கு ரொம்ப முன்னாடியே செத்துப் போகும். அதைப் பாத்துட்டுதான் டேங்குக்கு ஏத்த மாதிரி வளருதுன்னு சொல்லிட்டு இருக்காங்க.

கணக்கு போட்டுப் பாருங்களேன். ரெண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம்னா தண்ணி அதிகபட்சம் 55 லிட்டர் சுமாருக்குத்தான் பிடிக்கும். ஒண்ணரை அடி சக்கருக்கு அந்த ஒரு அடி அகலத்துல திரும்பவே இடம் இல்ல. பாசிய தின்னும்ங்கிறதும் குட்டியா இருக்கிற வரைக்கும்தான் நம்பலாம், பெருசானா அதுக்கு தனியா தீனி போடணும், அது போடுற கழிவுக்கே ஃபில்டர் திணறும், சில சக்கர் ராத்திரில கோல்டு ஃபிஷ் மாதிரி மெதுவா நீந்துற மீன் மேல ஒட்டிக்கிட்டு அதோட மேல்தோல் வழவழப்பையே உறிஞ்சிடும். டேங்க சுத்தம் பண்ணும்னு வாங்குன மீன் டேங்கையே நாறடிக்குது.

சக்கராவது பரவால்ல, ஒண்ணரை அடியோட நிக்கும். பக்கத்து டேங்க்ல ஷார்க்னு எழுதி கூட்டமா விட்டிருந்தாங்க, நிஜ சுறா கிடையாது, மீகாங் நதில வாழுற பங்காசியஸ் கெளுத்தி வகை, ஆத்துல ஒரு மீட்டரத் தாண்டி, 40 கிலோவுக்கு மேலயும் வளரக்கூடியது. கை நீளம்கூட இல்லாத குட்டியா விக்கிறாங்க. ரொம்ப பயந்த சுபாவம், யாராச்சும் கிட்ட போனாலே விருட்டுனு பாஞ்சு கண்ணாடில மோதும், கடைலயே ரெண்டு மூணு மீனுக்கு மூக்கு செவந்து போயிருந்துச்சு, கிட்ட போய் பாத்தா தெரியும். கூடவே ரெட் டெயில் கேட்ஃபிஷ், கறுப்பு வெள்ளை ஒடம்பு ஆரஞ்சு வாலுன்னு பாக்க அவ்ளோ அழகு, நாலு அடி வரைக்கும் போகும், வாய்ல அடங்குற மீனெல்லாம் அதுக்கு சாப்பாடுதான். ஆஸ்கர் ஒரு அடி, சில்வர் அரோவானா மூணு அடி. இதையெல்லாம் வீட்ல வளக்குறவங்க இருக்காங்க, பெரிய குளம் கட்டி, பெரிய ஃபில்டர் வெச்சு நல்லா பாத்துக்குறாங்க, அவங்கள நான் குறை சொல்லல. ஆனா பவுல் வாங்க வந்தவங்க கைல இதைக் குடுக்கக்கூடாது.

பவுல்னதும் ஞாபகம் வருது, கோல்டு ஃபிஷ்ஷையும் பவுலையும் ஜோடியா வெச்சு விக்கிற பழக்கத்தை முதல்ல நிறுத்தணும். சாதா கோல்டு ஃபிஷ் நல்லா வளந்தா பத்து இன்ச்சுக்கு மேல வரும், ஒழுங்கா பாத்துக்கிட்டா பத்து இருவது வருஷம் இருக்கும். இங்கிலாந்துல டிஷ்னு ஒரு கோல்டு ஃபிஷ் 43 வருஷம் வாழ்ந்து 1999ல தான் செத்துச்சு. பவுல்ல ஆறு மாசத்துல போயிடுச்சுன்னா கோல்டு ஃபிஷ் ஆயுசே அவ்ளோதான்னு நெனச்சுக்கிறாங்க பாவம்.

சரி பெருசாயிடுச்சுன்னா திருப்பி எடுத்துப்பீங்களான்னு கவுன்ட்டர்ல கேட்டேன். அதெல்லாம் எடுக்குறதில்லங்க, ஏதாச்சும் ஏரில விட்டுருங்கன்னு சாதாரணமா சொன்னாங்க. இதுக்கே ஒரு ஸ்டார் போச்சு. 2021ல அமெரிக்கால மினசோட்டா மாநிலத்துல பர்ன்ஸ்வில் நகராட்சி, வீட்டு கோல்டு ஃபிஷ்ஷ ஏரில விடாதீங்கன்னு படத்தோட அறிவிப்பு போட்டுச்சு, ஒவ்வொண்ணும் ரெண்டு கைல ஏந்துற அளவு, அடிமண்ண கிளறி தண்ணிய கலக்கிவிட்டு செடியையும் அழிக்குது. மெக்சிகோல இன்ஃபியர்னியோ அணைல சக்கர் மீன் பெருகி மீனவங்க வலைல திலாப்பியாவுக்கு பதில் அதுதான் மாட்டுச்சு. கரைல பொந்து தோண்டி முட்டை போடுறதால கரையும் இடிஞ்சு விழும். அதனால ஏரில விடவே விடாதீங்க, பெரிய டேங்க் வெச்சிருக்கிறவங்க யாருக்காவது குடுங்க, இல்ல கேட்டுப் பாத்தா சில கடைல எடுத்துக்குவாங்க.

எல்லா கடையும் இப்படி இல்லங்கிறதையும் சொல்லணும். இன்னொரு கடைல மீனைக் கை காட்டுனதுமே டேங்க் எத்தனை லிட்டர், என்னென்ன மீன் இருக்கு, ஃபில்டர் ஓடி எத்தனை வாரம் ஆச்சுன்னு கேட்டாங்க. சின்ன டேங்க்னு சொன்ன ஒருத்தருக்கு சக்கர் தர மாட்டேன்னுட்டு, பிரிசில்நோஸ்னு சின்ன வகை சக்கர் எடுத்துக்கோங்க, அஞ்சு இன்ச் வாக்குல நின்னுடும், அதுவும் டேங்க் செட் ஆனப்புறம் வாங்க, இப்போதைக்கு நத்தை போதும்னு அனுப்பிவெச்சாங்க. அன்னிக்கு அந்த வியாபாரம் போச்சு, ஆனா அந்த ஆளு திரும்பவும் அங்கதான் போவாரு. நானும் அங்கதான் போறேன்.

இந்தக் கடைல குட்டி வகை மீன் தாராளமா வாங்கலாம், கப்பி, டெட்ரா, கோரி கேட்ஃபிஷ்லாம் தரமா இருக்கு. வேற எதையாவது பாத்து ஆசைப்பட்டீங்கன்னா உங்க டேங்க் நீளம் அகலம் உயரம் மூணையும் போன்ல குறிச்சு எடுத்துட்டுப் போங்க, லேபிள்ல இருக்கிற பேரை அங்கயே நின்னு தேடி முழு வளர்ச்சி சைஸ் என்னன்னு பாருங்க, அது உங்க டேங்க் அகலத்துல பாதிக்கு மேல போச்சுன்னா வலைய எடுக்க விடாதீங்க.