இரட்டை வடிவமா, அரிய வடிவமா? ட்ரவுட் மீனின் நோயெதிர்ப்பு மரபணு

நீலகிரியின் அவலாஞ்சி ஓடையில் மூடுபனி விலகும் வேளையில், கல்லோரம் நிற்கும் ட்ரவுட் மீனின் விலாவிலுள்ள இளஞ்சிவப்புப் பட்டை நமக்குத் தெரிகிறது. அதன் செவுளில் ஓயாமல் வந்து மோதும் பாக்டீரியாக்கள் தெரிவதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த இம்மீனுக்கு 1907-இல் இங்கே குஞ்சுபொரிப்பகம் அமைந்தது.

எம்.எச்.சி. என்னும் நோயெதிர்ப்பு மரபணு உருவாக்கும் புரதம், கிருமியின் துணுக்கொன்றைத் தன் பள்ளத்தில் ஏந்தி நோயெதிர்ப்பு வெள்ளணுவான டி செல்லுக்குக் காட்டுகிறது. ஒரே வடிவப் பள்ளத்தில் எல்லாத் துணுக்கும் பொருந்தாது. இயற்கை நீர்நிலைகளில் வாழும் மீன்களிடம் இம்மரபணு பல வடிவங்களில் நிலைத்திருப்பதற்கு இரு விளக்கங்கள் உண்டு.

தாயிடமும் தந்தையிடமும் வெவ்வேறு வடிவம் பெற்ற மீன் கூடுதலான கிருமிகளை அடையாளம் காணும் என்பது முதலாவது. இது எளிது; ஆனால், எண்ணற்ற வடிவங்கள் தலைமுறைகளாக நீடிப்பதை இது மட்டுமே விளக்கிவிடாது என்பது என் கருத்து.

இரண்டாவது விளக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது. பெரும்பான்மை மீன்களிடமுள்ள வடிவத்துக்குத் தப்பும் வகையில் வேகமாகப் பெருகும் பாக்டீரியா மாறிக்கொள்ள, அரிய வடிவம் கொண்ட மீன் பிழைக்கிறது. அவ்வடிவம் பெருகியதும் பாக்டீரியாவின் குறி அதன்மேல் திரும்புகிறது. ட்ரவுட்டின் உறவினமான அட்லாண்டிக் சால்மன் மீனில், உடலில் கொப்புளம் எழுப்பும் ஏரோமோனாஸ் சால்மோனிசிடா என்ற பாக்டீரியாவை எதிர்க்கும் திறன் குறிப்பிட்ட சில வடிவங்களோடு தொடர்புடையது எனச் சோதனைகள் காட்டியுள்ளன. இரட்டை வடிவம் மட்டுமே போதுமென்றால் இப்படி அமையாது. கனடாவிலோ, வெதுவெதுப்பான ஆறுகளில் பாக்டீரியா வகைகளும் சால்மனின் எம்.எச்.சி. பன்மையும் சேர்ந்தே உயர்ந்திருந்தன. இதற்கு இரு விளக்கங்களுமே பொருந்தும்.

குஞ்சுபொரிப்பகத் தொட்டியில் சில தாய்மீன்களிலிருந்தே குஞ்சு எடுத்தால், அரிய வடிவங்களே முதலில் தொலையும்.