ஏப்ரலில் அபர்டீனா, கொழும்பா?

ஏப்ரல் விடுமுறைக்கு ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள அபர்டீனுக்குப் போவதா, கொழும்பில் வெள்ளவத்தையிலேயே இருப்பதா என்று தம்பி கேட்டான். அபர்டீனில் கிழக்குக் காற்று, அதாவது நம் கொண்டல், கடலிலிருந்து வரும். வடகடலின் நீர் அப்போது 10 பாகைக்கும் கீழே. அதன்மேல் வரும் மிதமான ஈரக்காற்று குளிர்ந்து, மூடுபனியாகிக் கரையேறும். 'ஹார்' என்பார்கள். சில மைல் உள்ளே நல்ல வெயில் அடிக்கும், கரையில் நிற்பவருக்கு மட்டும் ஜாக்கெட்!

கொழும்புக்குக் கடல் மேற்கே. கொண்டல் தரையைத் தாண்டித்தான் வரும். கடல்நீரும் 30 பாகையை ஒட்டிய சூடு, அப்படியொரு பனிக்கு வழியில்லை. இங்கே கடற்காற்று என்றால் கச்சான், அதாவது மேற்குக் காற்று (காலிமுகத்திடலில் கொறிக்கிற கச்சான், அதாவது நிலக்கடலை, வேறு). பின்னேரம் இடிமழை வரும், சரி, நனைந்தாலும் நடுங்க மாட்டோம். நானென்றால் ஏப்ரலில் அசைய மாட்டேன்.