ஆக்சிஜன் மெஷின் வாடகைக் கடை: எம்டி-42 சான்றிதழ் பார்த்துத்தான் எடுத்தோம்

மாமனாருக்காக மதுரையில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின், நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தருவது) வாடகைக்கு எடுத்தோம். முதலில் கேட்ட கடையில் வாடகை குறைவுதான், ஆனால் லைசென்ஸ் உண்டா என்றால் "ஜிஎஸ்டி நம்பர் இருக்கே சார்" என்கிறார்கள். அது வரிக்கு, இதற்கில்லை. மருத்துவக் கருவி விற்பவர்கள் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் எம்டி-42 பதிவுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று 2022 செப்டம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்திவிட்டது. மருந்துக்கடை லைசென்ஸ் ஏற்கெனவே இருந்தால் அதுவே போதும். விவரம் தெரிந்த ஆள் ஒருவர் இருக்க வேண்டும், சரக்கு எங்கே வாங்கினார்கள் என்ற கணக்கும் இருக்க வேண்டும்.

இந்த இரண்டாவது கடையில் சான்றிதழைக் கல்லாவுக்கு மேலேயே ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், பார்க்கிற இடத்தில் வைக்க வேண்டும் என்பதும் விதிதான். வீட்டுக்கு வந்த பையன் ஃப்ளோமீட்டரில் (ஆக்சிஜன் வரும் வேகத்தைக் காட்டும் குழாய்) உள்ள சின்னக் குண்டைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லி, ஆக்சிஜன் சுத்தம் பார்க்கிற தனி மீட்டரைச் செருகி 93 சதவீதம் காட்டுகிறதா என்று காட்டிவிட்டு, அப்புறம்தான் கையெழுத்து வாங்கினான். வாடகை கொஞ்சம் அதிகம், சத்தமும் உண்டு, ராத்திரி போன் எடுப்பதில் சுணக்கம். 4 ஸ்டார். டெபாசிட்டுக்கு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தானாகத் தர மாட்டார்கள்.